ஒரு நாளைக்கு ஒரு பேர்

என் சமையலறையில் தண்ணீர் டிரம்முக்கும் விறகடுப்புக்கும் நடுவில் ஒரு ஆரஞ்சுப் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. ஆடலூர்த் தோட்டங்களிலிருந்து கமலா ஆரஞ்சு ஏற்றி வருகிற சாதாரணப் பலகைப் பெட்டிதான். ஒரு பலகை நெடுக்காக வெடித்திருக்கிறது. வலது மூலையில் ஒரு ஆணி அரை விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த ஆணி என்னுடைய நல்ல சேலைகள் நாலைந்தைப் பதம் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், வெந்நீர் அடுப்புக்குப் போட்டால் ஒரு நாள் குளியலுக்கு ஆகுமே என்கிறார்கள். பக்கத்தில் காட்டேஜ் நடத்துகிற பிள்ளை ஒருத்தி, கொடுத்தால் பெயின்ட் அடித்து வராந்தாவில் பூந்தொட்டி வைப்பேன், டூரிஸ்டுகளுக்கு இந்த மாதிரிப் பழசு என்றால் உயிர் என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஒரு புதுப் பீரோவையே கேட்டிருந்தாலும் யோசித்திருப்பேன், இதைக் கொடுக்க யோசிக்கக்கூட இல்லை.

அந்தப் பெட்டி என் ஓரகத்தியோடு இந்த வீட்டுக்கு வந்தது. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் கீழ்மலை ஆடலூரிலிருந்து எங்கள் நாயுடுபுரத்துக்கு ஏறி வந்த அன்றைக்கு, ஜீப்பிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த ஆரஞ்சுப் பெட்டியும் இறங்கின. உள்ளே மிளகும் காப்பிக்கொட்டையும் கொஞ்சம் பழமும் இருந்தன. பழம் தீர்ந்ததும் பெட்டியை அவள் கவிழ்த்துப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் மாமியார் அதற்கு முன்பே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூத்த மருமகள் என்ற முறையில் அடுப்படிக்கும் குடும்ப ஜெபத்துக்கும் நான்தான் ராணி. இரண்டையும் யாரோடும் பங்கு போட எனக்கு அப்போது மனசில்லை.

ஜெபத்தில் என் கீர்த்தியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் கதை நிற்காது. நான் நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பாடம் நடத்திப் பழகிய தொண்டை. சபையில் யார் வீடு கட்டினாலும், யார் ஜீப் வாங்கினாலும், யார் பிள்ளை பரீட்சைக்குப் போனாலும் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மைக் வேண்டாம். ஆதியில் தொடங்கி ஆபிரகாம், மோசே, தாவீது என்று வரிசையாக ஒரு சுற்று வந்து, கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துகிற வரைக்கும் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும், உங்க மதினி கண்ணை மூடியாச்சு, குக்கர்ல அரிசியப் போட்டுட்டு வந்து ஒக்காரு, ஆமென் சொல்றப்ப விசில் வந்துரும் என்று தம்பியிடம் கேலி பண்ணுவார். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறை. ஓரகத்தியின் முறை வந்த முதல் நாள் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தோம். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆண்டவரே, ஒங்களுக்குத் தெரியும். ஆமென்" என்றாள். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் அவளை உட்கார வைத்து, முதலில் துதி, அப்புறம் பாவ அறிக்கை, அப்புறம்தான் விண்ணப்பம், கடைசியில் ஸ்தோத்திரம் என்று பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தேன். சரிக்கா என்று தலையாட்டினாள். அடுத்த முறையும் ஆண்டவருக்குத் தெரியும் என்பதோடு முடித்துக்கொண்டாள். கீழ்மலைக் காப்பித் தோட்டத்துப் பிள்ளை, விசுவாசம் இன்னும் காயாகத்தான் இருக்கிறது, போகப் போகப் பழுக்கும் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வெள்ளனே ஐந்து மணிக்கே அவள் எழுந்துவிடுவாள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எரியாத அடுப்பைப் பார்த்தபடி இருப்பாள். கண் திறந்துதான் இருக்கும். உதடு அசையாது. தை மாதத்துப் பனியில் ஜன்னல் கண்ணாடி வெள்ளை வெளேரென்று போர்த்தியிருக்கும். ஒரு ஸ்வெட்டர், தலையில் ஒரு சால்வை, அவ்வளவுதான். தூங்குகிறாளாக்கும் என்று நான் முதலில் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். அவள் திரும்பவில்லை. ஒரு நாள் டீத்தூள் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. நானே தேடிச் சலித்துப்போய் நின்ற பிறகு அவள் எழுந்து, முந்தானையைத் தட்டிக்கொண்டு, மேல்தட்டுல இருக்குக்கா என்று எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் கடுகளவு சலிப்பும் இல்லை. கேள்வி காதில் விழுந்திருக்கிறது, அதற்குரிய நேரம் வந்தபோது பதில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது திமிராகப் பட்டது.

பகலில் அவள் பஜாரில் ஒரு பாய் கடையில் மிளகும் காப்பித்தூளும் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். என் கொழுந்தன் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். அமைதியான ஆள். சனிக்கிழமை சாயங்காலம் சேக்காளிகளோடு போவார், வருவார், சாப்பிடாமல் படுத்துவிடுவார். அலுப்பு என்று நினைத்தேன். ஊரிலுள்ள அத்தனை வீட்டு ஜெபக்குறிப்பும் என் நோட்டில் இருந்தது. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு வரன் தள்ளிப்போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடுத்த அறையில் என் கொழுந்தன் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை தொடங்கி வியாழன், புதன் என்று நாட்கள் கூடிக்கொண்டு போனதும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே சொன்னாள். குடித்த கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, விட்ட கதைக்கு வந்தாள். "மூணு மாசமாச்சுக்கா, தொடல. இன்னும் அவருக்கே அவரு மேல நம்பிக்க வரல. ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வேற ஆருக்கும் வேணாம்க்கா, மனசுல வச்சுக்கங்க." நான் பூண்டுக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கிட்ட சொல்லிட்டேல்ல, இனி கவலைய விடு என்றேன். அவள் கவலையை விட்டாளோ இல்லையோ, விஷயம் எனக்குள் உட்கார்ந்துகொண்டு குறுகுறுக்க ஆரம்பித்தது. ஆண்டவர் செய்ததை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்கிற இதைப்போல ஒரு சாட்சியை எங்கள் சபையில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெண்கள் கூடுகை. கோயிலை ஒட்டிய தகரக் கூரை ஹாலில் நாற்பது பேர் இருந்திருப்போம். பாஸ்டரம்மா ஒவ்வொருவராக எழுந்து ஜெபிக்கச் சொன்னார். எனக்கு முன்னால் எழுந்த ஒரு அம்மா, நோயில் கிடந்த மகன் பிழைத்ததைச் சொல்லி ஹாலையே அழவைத்துவிட்டாள். அடுத்தது நான். என் வழக்கமான ஆபிரகாமும் மோசேயும் அந்தக் கண்ணீருக்கு முன்னால் எடுபடமாட்டார்கள் என்று எனக்கு எழுந்து நிற்கும்போதே தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் வாய் அதைச் சொன்னது. "குடியென்னும் கட்டுக்குள் கிடந்த என் கொழுந்தனை, அடியாள் வருஷக்கணக்காய்க் கண்ணீரோடு ஏறெடுத்த ஜெபத்தைக் கேட்டு விடுவித்தீரே, ஸ்தோத்திரம்" என்றேன். ஹால் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எதிரொலித்தது. நான் உட்கார்ந்தபோது உள்ளங்கால் வரைக்கும் சூடாக இருந்தது. பெருமையின் சூடு அது, பரிசுத்த ஆவியின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது என் ஓரகத்தி கடைசிப் பெஞ்சில் வாசலோரமாக இருந்தாள். சால்வையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம். தக்காளி வாங்கணும்க்கா என்றாள். 

அந்த நாற்பது பேரில் ஒருவர் கொழுந்தன் வேன் ஓட்டிய பள்ளிக்கூடத்து விடுதியில் வேலை பார்ப்பவர். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கொழுந்தனைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, கொண்டையூசி வளைவு போட்ட மலைப்பாதை. இதுவரைக்கும் குடித்துவிட்டு வண்டியைத் தொட்டதில்லை என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பியிருக்கலாம், நம்பாமலும் இருந்திருக்கலாம். எனக்கு வேறொன்று உறைத்தது. அவர் தானாக நிமிர்ந்து வந்துகொண்டிருந்தார், என் நாக்கு நடுவில் போய்க் காலை வாரிவிட்டது. வேலை போனது ஒரு பக்கம். மூணு மாதமாக ஒவ்வொரு நாளாகக் கட்டி வைத்தது போய்விடுமோ என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் பெரிய பயமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம், முன்பு குடிக்கப் போகிற நேரத்துக்கு அவர் கேட் பக்கம் போய் நின்று கீழ்ரோட்டைப் பார்ப்பார். சேக்காளிகள் அந்தப் பக்கம்தான் கூடுவார்கள். போகலாமா வேண்டாமா என்று அவருக்குள் நடந்த வழக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும். பிறகு திரும்பி வந்து விறகு பிளப்பார். அந்த மாதம் பிளந்த விறகு எங்களுக்கு அடுத்த தை வரைக்கும் வந்தது. என்னிடம் அவர் பேசவில்லை. மதினி என்று கூப்பிடுகிற சத்தமே வீட்டில் இல்லாமல் போனது.

ஒரு நாள் மத்தியானம் பொறுக்கமாட்டாமல் ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலும் என் புத்தி போகவில்லை. அழுகை, நெஞ்சில் அடித்துக்கொள்ளல், நான் பாவி என்ற பல்லவி, அதற்கு ஆதாரமாக நாலைந்து வசனம் என்று ஒரு கூட்டத்துக்கே போதுமான மன்னிப்பு அது. அவள் கரண்டியோடு நின்று கேட்டாள். நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியபோது, "போதும்க்கா. சோறு ஆறுது" என்றாள். அவள் வைதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. தட்டைப் போட்டு முதலில் எனக்குத்தான் பரிமாறினாள்.

காலையில் பெட்டிமேல் உட்காரும் நேரம் மட்டும் நீண்டுகொண்டே போனது. முன்பெல்லாம் பத்து நிமிஷம் என்றால் இப்போது அரை மணிக்கும் மேலே ஆனது. முகம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சில நாள் தாடை இறுகிப்போய், மடியில் கிடந்த விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருக்கும். அவள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. யாரோடு என்று தெரியவில்லை. நான் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்தியிருந்தேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவேன்.

கெடுத்தவளே சரி பண்ணவேண்டும் என்று ஒரு நாள் பஜாருக்கு இறங்கினேன். பாயிடம் பேசி கொழுந்தனுக்கு ஒரு வேலை கேட்பதாகத் திட்டம். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடையில் நான் வணக்கம் சொல்லி வாயெடுப்பதற்குள் அவர், "டீச்சர், நீங்க வந்து கேக்கத் தேவையில்ல. நேத்தே தம்பி கையில ஜீப் சாவியக் குடுத்துட்டேன்" என்றார். தாண்டிக்குடி, ஆடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மிளகும் காப்பியும் ஏற்றி வருகிற வேலை. என் ஓரகத்தி வந்து கேட்டாளா என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். மத்தியானம் பாய் தொழுகைக்குப் போகிற நேரத்தில் அவளும் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் உட்காருவாள், அது வருஷக்கணக்கான வழக்கம், இந்தப் பத்து நாளாகக் கண் கலங்கியிருந்ததால் அவராக விசாரித்தாராம்.

"குடிச்ச ஆளுன்னு தெரிஞ்சுமா பாய் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நிறுத்தின ஆளுன்னும் தெரிஞ்சுதான் குடுத்தேன், டீச்சர்."

ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் வாய்க்குள்ளேயே இருக்க, ஏற்றத்தில் வீட்டுக்குத் திரும்பினேன். வேலை கொடுத்தவர் பாய், கேட்காமல் கேட்டவள் அவள், இதில் எனக்கென்று ஒரு இடமும் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. பொறாமை வந்ததென்றால் மதிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜீப் வேலை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். கோடைமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஐந்து மணிக்கு வரவேண்டியவர் ஆறரை ஆகியும் வரவில்லை. போன் போகவில்லை. தாண்டிக்குடி ரோடு செங்குத்து, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தைவிட எனக்கு வழியிலிருக்கிற மதுக்கடைதான் பயமாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் அடுப்படியில் நின்று, சர்வ வல்லமையுள்ள என்று குரலெடுத்தேன். அவள் பெட்டியிலிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, சும்மா இருங்க" என்றாள். கட்டளை இல்லை, கெஞ்சல். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்த்தை இல்லாமல் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்ததும் மனசு கழுதையாகி நாலு திசையும் ஓடியது. கேஸ் புக் பண்ணவில்லை, பிள்ளைகள் நோட்டு திருத்தவில்லை, பாஸ்டரம்மா போனை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது இந்தக் கழுதையின் கனைப்பு கேட்காமலிருக்கத்தானோ என்று தோன்றியது. தலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அசையவில்லை. கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் கை எழவில்லை. முழுசாக அங்கே இருந்தாள். அப்படி ஒரு இடத்தில் முழுசாக இருக்கிற மனுஷியை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் சேறாக அவர் உள்ளே வந்து, மண்ணு சரிஞ்சு ரோடு அடச்சுக் கெடந்துச்சு, எல்லாருமாச் சேந்து அள்ளிப் போட்டுட்டு வர்றோம் என்றார். நான் துண்டு கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். டீசலும் மிளகும் மணந்தது. நான் மோந்ததை அவர் கவனித்துவிட்டார். "கடைய மூடிட்டாங்களான்னு பாத்தேன் மதினி. தொறந்துதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஐந்து வாரம் கழித்து மதினி என்று கூப்பிட்டிருந்தார். நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன், இங்கே உட்கார்ந்து நீ என்னதான் சொல்லுவாய் என்று.

"ஒண்ணும் சொல்றதில்லக்கா. ஒரு நாளைக்கு ஒரு பேரு. பேரச் சொல்லிட்டு, அவங்க கூட கொஞ்ச நேரம் ஆண்டவர் முன்னாடி ஒக்காந்திருப்பேன். அவ்ளோதான்."

இத்தனை நாளும் தம்பி பேர்தானே என்று கேட்டேன். "இல்லக்கா. அவருக்கு மத்தியானம் கடையில. காலைல ஒங்க பேருதான். அந்த வெள்ளிக்கெழமைல இருந்து இந்த லெந்து நாளெல்லாம் நீங்கதான்."

ஒரு நாளைக்கு ஒரு பேர் என்றவள் எனக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொண்டாள் என்று புரியாமல் கேட்டேன். அவள் குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "கோவம் போகலக்கா. போற வரைக்கும் அதே பேருதான். பேர மாத்திட்டா ஓடிப்போன மாதிரி ஆயிரும்ல."

"போயிருச்சா?"

"நேத்து போயிருச்சு."

என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, அன்னைக்கே மன்னிச்சிட்டேன்க்கா என்று அவள் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதற்கு ஒரு சாட்சிக் கூட்டமும் வைத்திருப்பேன். என்மேல் அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு, எனக்கு முதல் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலையும் என்னைக் கையைப் பிடித்து ஆண்டவர் முன்னால் கூட்டிப் போயிருக்கிறாள். தாழ்மை என்றால் தலையைக் குனிந்துகொள்வது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை கூடுகையில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். கண்ணை மூடவில்லை. மூடினால் பழைய பாதையில் வண்டி தானாக ஓடிவிடும் என்று பயம். "என் கொழுந்தனுக்காக வருஷக்கணக்காக ஜெபித்தேன் என்று போன முறை சொன்னேன். அது பொய், ஒரு நாளும் ஜெபித்ததில்லை. என்னை நம்பிச் சொன்னதை இங்கே கொட்டினேன்." அவ்வளவுதான் சொன்னேன்.  ஒரு அம்மா பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் பழைய இடம் முன்வரிசையில் காலியாக இருந்தது. கடைசிப் பெஞ்சில் ஓரகத்தி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் நேரே அங்கே போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும், நிமிரட்டும். சில வருஷம் கழித்துப் பெண்கள் கூடுகையை நடத்த யார் என்று பேச்சு வந்தபோது, நாற்பது பேரும் அவள் பேரைச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது என்று மறுத்துப் பார்த்தாள். அதுதான் வேண்டும் என்றார் பாஸ்டரம்மா. முதல் வெள்ளிக்கிழமை கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, "எல்லாரும் ஒரு பேர நெனச்சுக்கங்க. கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருப்போம்" என்றாள். சீசன் நேரம், வெளியே டூரிஸ்ட் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரைமேல் மழை. உள்ளே நாற்பது வாயாடிகள் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. கோள் சொல்வதற்கே ஜெபக்குறிப்பு கொண்டுவருகிற ஓரிருவர் இருந்தார்கள், நான் அதை நிறுத்திவிட்ட குறையை அவர்கள் தீர்த்து வந்தார்கள். அவர்களும் மெல்ல மெல்ல அடங்கினார்கள். போகப் போக வேறு சபைகளிலிருந்தும் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள். அவள் யார் தெரியுமா, என் ஓரகத்தி என்று ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பெருமை பாவம் என்பார்கள். மற்றப் பெருமையையெல்லாம் ஆண்டவர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார், இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவள் அப்பாவுக்கு முடியாமல் போனதால், காப்பித் தோட்டத்தைப் பார்க்க அவர்கள் இரண்டு பேரும் ஆடலூருக்கு இறங்கிப் போனார்கள். போகும்போது இந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். அங்கே பெட்டிக்கா பஞ்சம் என்றாள். முதல் வாரம் நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்புறம் ஒரு காலையில் உட்கார்ந்தேன், ஆணி சேலையைப் பிடித்து இழுத்தது. இப்போது தினமும் உட்காருகிறேன். அவளைப் போல் எனக்கு வருவதில்லை. கழுதை இன்னும் ஓடுகிறது, பத்து நிமிஷத்தில் நாலு தடவை போய்ப் பிடித்துவர வேண்டியிருக்கிறது. சபையின் வாட்ஸாப் குழுவில் யாராவது ஜெபக்குறிப்பு போட்டால் முன்பு மூன்று நிமிஷத்துக்குக் குரல்பதிவு அனுப்பினவள், இப்போது சரி என்று மட்டும் எழுதுகிறேன். உடம்புக்கு முடியவில்லையா டீச்சர் என்று கேட்கிறார்கள்.

போன வாரம் கொழுந்தன் புதுக் காப்பித்தூளோடு ஆடலூரிலிருந்து வந்திருந்தார். வெள்ளனே கிளம்பி வந்தவர், வந்ததும் நேரே அடுப்படிக்குத்தான் வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. கண் மட்டும் தெளிந்த தண்ணீராக இருக்கிறது. நான் சமையலை இறக்கி வைத்துவிட்டு, காலையில் உட்கார நேரமில்லாமல் போனதால் அப்போதுதான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். நான் எழுந்திருக்கும் வரைக்கும் பேசவில்லை, வீட்டில் அவருக்கு அது பழக்கம். எழுந்தபோது ஆணி முந்தானையைப் பிடித்தது. குனிந்து அதை விடுவித்துக் கொடுத்துவிட்டு, "இத இன்னும் அடிக்கலையா மதினி, சுத்தியலக் குடுங்க" என்றார். வேண்டாம் தம்பி, அவசரமாக எழுந்திருக்கவிடாமல் அது ஒரு சோலி பார்க்கிறது, இருக்கட்டும் என்றேன். சிரித்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு யாரு பேரு மதினி?"

அன்றைக்கு அவர் பேர்தான். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க அவர்தான். வருஷக்கணக்காக ஜெபித்தேன் என்று நாற்பது பேர் முன்னால் பொய் சொன்ன வாய் இது, இப்போது சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சோறு ஆறுது தம்பி, வாங்க" என்று தட்டை எடுத்து வைத்தேன்.